மணலும் கணினியும் உம்மம்மாவின் அடம்பன் கொடியும்

எங்கள் வீட்டுக் கிணற்றுக் கட்டின் உயரம் இரண்டரை அடி. தென்புறத்தில் நின்று பார்த்தால் ஓரடிதான் தெரியும். மீதி மணலுக்குள் இருக்கிறது. ஒவ்வொரு வருடமும் சோளகக் காற்று அடங்கியதும் வாப்பா மண்வெட்டியோடு போய்க் கட்டைச் சுற்றி வாரிப் போடுவார். அடுத்த சோளகத்தில் அது திரும்ப வந்துவிடும். “இப்படியே போனால் பத்து வருடத்தில் கிணறு எங்கே இருக்கும் வாப்பா?” என்று ஒரு நாள் கேட்டேன். “நீதானே கணிதப் பிரிவு படிக்கிறாய், கணக்குப் பார்த்துச் சொல்லு” என்றார். அவர் பகிடியாகத்தான் சொன்னார். பௌதிகவியல் ரீச்சர் வகுப்புச் செயற்றிட்டத்துக்குத் தலைப்புக் கேட்ட நேரம் பார்த்து எனக்கு அது ஞாபகம் வந்ததால் ஒரு வருடம் மணலோடு கழிந்தது.

தலைமன்னார்ப் பக்கம் வந்தவர்களுக்குத் தெரியும், இங்கே மணலுக்குப் பஞ்சமில்லை. ஏறத்தாழ 130 சதுர கிலோமீற்றர் பரப்புள்ள எங்கள் தீவில் பெரும்பகுதி மணல்தான். அதற்கு அப்பால் தனுஷ்கோடி வரைக்கும் ஆதாம் பாலத்தின் தீடைகள். ஆனாலும் இவ்வளவு மணலில் நடந்து வளர்ந்த எனக்கு, மணல் எவ்வளவு விசித்திரமான பொருள் என்பது அதைக் கணக்குப் போட உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது.

நீங்களும் வீட்டில் செய்து பார்க்கலாம். ஒன்றரை லீற்றர்ப் போத்தல் ஒன்றின் அடியை வெட்டி, மூடியில் ஒரு சென்ரிமீற்றர் அகலத்தில் துளை போட்டுத் தலைகீழாகப் பிடியுங்கள். முதலில் நீர் ஊற்றி, பாதி மட்டம் இறங்க எவ்வளவு நேரம், மீதிப் பாதி இறங்க எவ்வளவு நேரம் என்று பாருங்கள். எனக்கு முதற் பாதி 9 செக்கன், இரண்டாம் பாதி 20 செக்கன். நீர்மட்டம் குறையக் குறைய அமுக்கம் குறைந்து ஓட்டமும் மெலிகிறது. இது நாம் படித்ததுதான். பிறகு நன்றாகக் காய்ந்த, அரித்தெடுத்த கடல் மணலை நிரப்பினேன். முதற் பாதி 41 செக்கன், இரண்டாம் பாதி 42 செக்கன். மேலே எவ்வளவு மணல் இருக்கிறது என்பது துவாரத்துக்குத் தெரியவே இல்லை! பழைய காலத்து மணற் கடிகாரம் நேரம் காட்டியதன் இரகசியம் இதுதான். நீரை வைத்து அப்படியொரு கடிகாரம் செய்தால் ஆரம்பத்தில் வேகமாகவும் கடைசியில் சோம்பலாகவும் ஓடும்.

தானியக் களஞ்சியங்களைப் பற்றி 1895இல் யான்சன் என்ற ஜெர்மானியப் பொறியியலாளர் இதற்கு நெருக்கமான ஒன்றைக் கண்டார். உயரமான களஞ்சியத்தில் தானியத்தைக் கொட்டக் கொட்ட அடித்தளத்தின் அமுக்கம் ஒரு கட்டத்துக்கு மேல் கூடுவதில்லை. மணிகள் ஒன்றையொன்று பக்கவாட்டில் நெருக்கிச் சுவரைத் தள்ளுகின்றன. சுவரின் உராய்வு அவற்றின் நிறையில் ஒரு பங்கைத் தாங்கிக்கொள்கிறது. மாமாவின் கடைக் களஞ்சிய அறையில் பலகைச் சுவர் வெளிப்பக்கமாகப் பிதுங்கி நிற்பது எதனால் என்று இப்போது எனக்குப் புரிகிறது. அரிசி மூடைகள் சரிந்ததால் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். கொட்டி வைத்த நெல் தள்ளியதுதான் காரணம்.

கடற்கரையில் ஈர மணலில் காலை ஊன்றும்போது பாதத்தைச் சுற்றி மணல் சட்டென்று வெளுத்துக் காய்ந்ததுபோல் ஆவதைச் சிறு வயதிலிருந்தே பார்த்திருக்கிறேன். பாரத்தால் நீர் பிதுங்கி மேலே அல்லவா வரவேண்டும்? 1885இல் ஒஸ்போர்ன் ரெனோல்ட்ஸ் இதற்கு விளக்கம் சொன்னார். நெருக்கமாக அடுக்கப்பட்ட மணிகள் நகரவேண்டுமானால் ஒன்றின் மேல் ஒன்று ஏறித்தான் நகரமுடியும். அப்போது இடைவெளி கூடுகிறது, மேலே இருந்த நீர் அந்த இடைவெளிக்குள் இறங்கிவிடுகிறது. மிதித்தால் விரியும் பொருள் வேறு எது இருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள்.

மணல் குவிந்து நிற்கும்போது திண்மம்போல் நம்மைத் தாங்குகிறது. சரிந்தால் திரவம்போல் ஓடுகிறது. காற்றில் எழும்பினால் வாயுவின் மூலக்கூறுகளைப்போல் மோதித் தெறிக்கிறது. நீரின் ஓட்டத்துக்கு எல்லோரும் ஒப்புக்கொண்ட சமன்பாடுகள் இருக்கின்றன. மணலின் எல்லா நிலைகளுக்கும் பொருந்தும்படி அப்படியொன்று இன்னும் இல்லை. பெங்களூர் இந்திய விஞ்ஞான நிறுவகத்தின் பேராசிரியர்கள் கேசவ ராவும் பிரபு நோட்டும் மணி ஓட்டத்தைப் பற்றி 2008இல் ஒரு முழுப் பாடநூலே எழுதியிருக்கிறார்கள். நெல்லும் மணலும் உப்பும் ஓடுவதைப் பற்றிப் பல்கலைக்கழகப் பாடநூல் இருக்கிறது என்றதும் உம்மம்மா சிரித்தார். “சுளகு பிடிக்கத் தெரியாதவங்க எழுதினதோ?” என்று கேட்டார்.

சமன்பாடு இல்லாவிட்டால் என்ன செய்வது? 1979இல் பீட்டர் கண்டல், ஒட்டோ ஸ்ட்ராக் என்ற இருவர் வெளியிட்ட வழி மிக எளிமையானது. ஓட்டத்தை முழுதாகப் பார்க்காதே, ஒவ்வொரு மணியையும் தனித்தனியாகப் பின்தொடர் என்பதுதான் அது. ஒவ்வொரு மணியும் ஒரு வட்டத் தட்டு அல்லது கோளம் என்று வைத்துக்கொள்ள வேண்டும். இரண்டு மணிகள் தொட்டால் நடுவில் ஒரு சிறு வில் அமுங்குவதாகவும், மோதலில் கொஞ்சம் சக்தி வீணாவதாகவும் கணக்கிட வேண்டும். வழுக்குமா வழுக்காதா என்பதை உராய்வு தீர்மானிக்கும். நாம் இணைந்த கணிதத்தில் எழுதும் அதே விதிதான்: உராய்வு விசை, உராய்வுக் குணகத்தைச் செவ்வன் மறுதாக்கத்தால் பெருக்கி வருவதை விஞ்சாது. விசை தெரிந்தால் நியூட்டனின் இரண்டாம் விதியால் ஆர்முடுகல் தெரியும். அதிலிருந்து அடுத்த கணத்தில் மணி எங்கே இருக்கும் என்பது தெரியும். பிறகு திரும்பவும் முதலிலிருந்து, எந்த மணி எந்த மணியைத் தொடுகிறது என்று பார்க்க வேண்டும். அவ்வளவுதான். பரீட்சையில் இரண்டு துணிக்கைகளுக்கு நாம் ஒரு பக்கம் முழுக்கச் செய்வதைக் கணினி இலட்சக்கணக்கான துணிக்கைகளுக்குச் செய்கிறது. இதைத்தான் போலச்செய்தல் என்கிறார்கள்.

இதில் வரும் தொல்லை எண்ணிக்கைதான். கால் மில்லிமீற்றர் விட்டமுள்ள மணிகள் என்று எடுத்தால் ஒரு தேக்கரண்டி மணலில் ஏறத்தாழ மூன்றரை இலட்சம் மணிகள் இருக்கும் (நீங்களும் கணக்கிட்டுப் பாருங்கள், இடைவெளிக்கு நூற்றுக்கு 40 விட்டேன்). ஒரு கன மீற்றரில் 7000 கோடிக்கு மேல். இத்தனைக்கும் செக்கனை இலட்சக்கணக்கான சிறு துண்டுகளாக வெட்டித் துண்டுக்குத் துண்டு கணக்கிட வேண்டும். கடினமான மணிகளின் மோதல் அவ்வளவு சீக்கிரம் முடிந்துவிடுகிறது. எனவே பெரிய கணினிகளிலும் ஆய்வாளர்கள் மணியைப் பெரிதாக்கியோ வில்லை மெதுமையாக்கியோதான் சமாளிக்கிறார்கள். எங்கள் பாடசாலைக் கணினி அறையில் நான் எழுதிய நிரல் 400 தட்டுகள் கொண்ட ஒரு குவியலைச் சரியவிட முழு இடைவேளையையும் எடுத்துக்கொண்டது. அதுவும் முதல் தடவை மணிகள் எல்லாம் திரையை விட்டு வெடித்துப் பறந்தன. காலத்துண்டைப் பெரிதாக வைத்துவிட்டேன்.

ஆனாலும் இப்படியான கணக்குகள் நல்ல நல்ல விடைகளைத் தந்திருக்கின்றன. மிக்ஸர் டப்பாவைக் குலுக்கினால் கச்சான் மேலே வருவதும் தூள் அடியில் போவதும் எல்லோருக்கும் தெரியும். பாரமானது மேலே வருவது எப்படி? 1987இல் நான்கு அமெரிக்க ஆய்வாளர்கள் கணினியில் பெரிய, சிறிய மணிகளைக் குலுக்கிப் பார்த்தார்கள். ஒவ்வொரு குலுக்கலிலும் பெரிய மணியின் அடியில் ஏற்படும் சின்ன வெற்றிடத்துக்குள் சிறிய மணிகள் நுழைந்துவிடுகின்றன. பெரியது நுழைவதற்கு ஏற்ற பெரிய வெற்றிடம் அடிக்கடி உண்டாவதில்லை. எனவே அது இறங்க வழியில்லாமல் படிப்படியாக ஏறுகிறது. இதை உம்மம்மாவிடம் விளக்கியபோது அவர் சுளகில் அரிசியைப் போட்டு, குருணி ஒரு பக்கமும் முழு அரிசி ஒரு பக்கமும் கல் ஒரு மூலையுமாக அரை நிமிடத்தில் பிரித்துக் காட்டினார். என் நிரலால் இன்றுவரை அது முடியவில்லை.

கிணற்றுக்கு வருகிறேன். மணல்மேட்டை மணி மணியாகக் கணக்கிட எந்தக் கணினியாலும் முடியாது. இங்கே வேறு வழி வேண்டும்.

ரால்ஃப் பக்னோல்ட் என்ற ஆங்கிலேய இராணுவப் பொறியியலாளர் எகிப்து, லிபியப் பாலைவனங்களில் அலைந்து, பிறகு காற்றுச் சுரங்கம் ஒன்றில் மணலை ஓடவிட்டு அளந்து, 1941இல் ஒரு நூல் எழுதினார். காற்றில் மணல் புழுதியைப்போல் பறப்பதில்லை, தத்துகிறது என்பதை அவர் காட்டினார். ஒரு மணி எழும்பி, காற்றால் முன்னே தள்ளப்பட்டு, விழும்போது வேறு மணிகளைத் தெறிக்கவிடுகிறது. நகரும் மணலில் ஏறத்தாழ முக்கால் பங்கு இப்படித் தத்துகிறது. மிகுதி தரையோடு ஊர்கிறது. சோளக மாதங்களில் கரையில் நடந்தால் மணல் கணுக்காலில்தான் ஊசியாகக் குத்தும், முகத்தில் அவ்வளவு இல்லை. காரணம் இதுதான். இன்னொன்றையும் பக்னோல்ட் கண்டார். அடித்துச் செல்லப்படும் மணலின் அளவு காற்று வேகத்தின் முப்படியோடு கூடுகிறது. வேகம் இருமடங்கானால் மணல் எட்டு மடங்கு. ஆகவே வருடம் முழுக்க வீசும் மெல்லிய காற்றைவிட ஆனி, ஆடியில் வரும் சில பலத்த நாட்களே எங்கள் கிணற்றை அதிகம் மூடுகின்றன. 2020இல் 30 காற்றாலைகளோடு தம்பபவனி திட்டத்தை எங்கள் தென்கரையில் நிறுவியதும் இதே காற்றை நம்பித்தான்.

1995இல் வேர்னர் என்ற அமெரிக்க ஆய்வாளர் மணல்மேடுகளுக்கு மிக எளிய மாதிரி ஒன்றைக் கொடுத்தார். நிலத்தைத் தாம் பலகைபோல் கட்டங்களாகப் பிரியுங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் சில மணல் வில்லைகளை அடுக்குங்கள். ஏதோ ஒரு கட்டத்திலிருந்து மேல் வில்லையை எடுத்துக் காற்றுத் திசையில் சில கட்டங்கள் தள்ளிப் போடுங்கள். அங்கே ஏற்கனவே மணல் இருந்தால் அது தங்குவதற்கான நிகழ்தகவு 0.6. வெறும் தரையென்றால் 0.4. தங்காவிட்டால் மீண்டும் ஒரு தத்து. மேட்டின் பின்னால் காற்றுப் படாத நிழலில் விழுந்தால் கட்டாயம் தங்கும். சரிவு மிகவும் செங்குத்தானால் வில்லை கீழே உருளும். இவ்வளவே விதிகள். மேடு எப்படி இருக்கவேண்டும் என்று எங்கும் சொல்லவில்லை. ஆயினும் இலட்சக்கணக்கான தத்துகளுக்குப் பிறகு திரையில் பிறை வடிவ மேடுகள் தாமாக எழுந்து ஊர்கின்றன. முதன்முதல் அதைப் பார்த்த அன்று நான் கணினி அறையிலிருந்து பஸ்ஸைத் தவறவிட்டேன்.

சரிவுக் கோணம் ஒன்று மட்டும் எனக்குத் தேவைப்பட்டது. கிணற்றடி மணலைக் காயவைத்துப் புனலால் ஊற்றினேன். குவியலின் விட்டம் 30 சென்ரிமீற்றர், உயரம் 9.5 சென்ரிமீற்றர். கோணம் ஏறத்தாழ 32 பாகை. எவ்வளவு ஊற்றினாலும் குவியல் பெருக்குமே தவிர அந்தக் கோணம் மாறவில்லை.

எல்லாவற்றையும் போட்டு, கிணறு இருக்கும் இடத்தையும் குறித்து ஓடவிட்டேன். விடை கிணற்றை மட்டுமல்ல, வீட்டையே புதைத்துவிட்டது. அது பிழை என்பதற்கு என்னிடம் சாட்சி இருந்தது. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம்கள் அனைவரும் வெளியேற்றப்பட்டபோது எங்கள் குடும்பமும் கையில் கிடைத்ததோடு வள்ளமேறியது. புத்தளத்தில்தான் உம்மாவும் வாப்பாவும் வளர்ந்தார்கள். நான் தரம் 3 படித்த வருடம் திரும்பி வந்தோம். இடையில் இருபது வருடங்களுக்கு மேல் அந்த வளவில் மணல் வார ஆளில்லை. என் மாதிரியின்படி அங்கே ஒரு மேடுதான் இருந்திருக்க வேண்டும். ஆனால் நாங்கள் வந்தபோது கூரை இல்லை, கதவில்லை. கிணறு முழுதாக இருந்தது. கட்டின் இரண்டரை அடியும் தெரிந்தது.

விடையைச் சொன்னது உம்மம்மா. நிரலை நிறுத்திவிட்டுத் திரையைக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தார். “இதுல எங்க புள்ள கொடி? நம்மட வளவுக்குப் பின்னால முழுக்க அடம்பன் கொடியும் இராவணன் மீசையும் உடை மரமும் நின்டுச்சே. நாங்க இல்லாத காலத்துல அதுதான் வீட்டப் பாத்துக்கிட்டு இருந்திச்சு. வந்ததும் உங்கட வாப்பாதான் மிசின் கொண்டு வந்து வழிச்செடுத்தாரு.”

வாப்பா ஒன்றும் பேசவில்லை. எல்லை தெரியவேண்டும், பாம்பு அடையக்கூடாது என்று அவர் வழித்தது உண்மை. அதற்கடுத்த சோளகத்திலிருந்துதான் மண்வெட்டி வேலை தொடங்கியது. அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு என்று சொல்வார்கள். நாங்கள் திரண்டு நின்றதை வெட்டிவிட்டோம்.

பிறகு தேடிப் பார்த்தால், 2002இல் பாஸ் என்ற ஆய்வாளர் வேர்னரின் மாதிரியில் தாவரங்களைச் சேர்த்திருக்கிறார். கட்டத்தில் எவ்வளவு செடி இருக்கிறதோ அவ்வளவுக்கு மணல் கிளம்புவது குறையும், விழுந்தது தங்குவது கூடும். செடி மணலால் மூடப்பட்டால், சில இனங்கள் செத்துப்போகும், சில இனங்கள் இன்னும் வேகமாக வளரும். அடம்பன் கொடி புதைந்தாலும் கணுக்களில் வேர்விட்டு மேலே வரும் இனம். அந்த விதியை என் நிரலில் சேர்த்ததும் மேடு கொடிப்பற்றையிலேயே தேங்கி நின்றது. கிணறு தப்பியது.

இங்கே ஒன்றை மறைக்காமல் சொல்லவேண்டும். கொடி எவ்வளவு மணலைப் பிடிக்கும் என்ற எண்ணை நான் அளக்கவில்லை. பல எண்களைப் போட்டுப் பார்த்து, கிணறு தப்பும் எண்ணைத் தெரிந்தெடுத்தேன். விடை தெரிந்த கணக்குக்குப் பின்னாலிருந்து படிகளை எழுதுவதைப் போன்றது இது. செயற்றிட்டத்தில் ரீச்சர் அந்த இடத்தில் சிவப்பு மையால் கோடு போட்டு, “இந்த எண் எங்கிருந்து வந்தது?” என்று எழுதியிருந்தார். அந்தக் கேள்விக்கு எனக்கு இன்னும் கோபம் வருகிறது, சரியான கேள்வி என்பதால்.

என் மாதிரியில் கடலும் இல்லை. 1964 டிசம்பர் 22ஆம் திகதி இரவு வந்த புயல், தனுஷ்கோடியை ஒரே இரவில் அழித்தது. எங்கள் தலைமன்னாருக்கும் அங்குமாக 1914இலிருந்து ஓடிய கப்பல் சேவையின் அக்கரைத் துறையும் அதோடு போயிற்று. காற்று பல வருடங்களில் தத்தித் தத்திச் செய்வதை அலை சில மணித்தியாலங்களில் செய்துவிடும். வில்லைகளை மட்டும் நகர்த்தும் மாதிரிக்கு அப்படியோர் இரவு வருமென்று தெரியாது.

இதையெல்லாம் வெறும் செயற்றிட்டமாக நினைத்திருப்பேன், மணலைப் பற்றி ஊரில் பேச்சு எழாதிருந்தால். எங்கள் கரையில் அலை வடிந்த இடத்தில் கறுப்புக் கோடுகள் தெரியும். சாதாரண மணலின் அடர்த்தி நீரைப்போல் 2.65 மடங்கு. இல்மனைட்டு என்ற கனியத்தின் அடர்த்தி ஏறத்தாழ 4.7 மடங்கு. அலை இலேசானதை வாரிக்கொண்டு போக, பாரமானது தங்கிவிடுகிறது. கடலும் ஒரு சுளகுதான். புல்மோட்டையில் 1957இல் தொடங்கிய அரச கூட்டுத்தாபனத்தின் வழிவந்த நிறுவனம் இந்தக் கனியங்களைப் பிரித்தெடுக்கிறது. மன்னாரிலும் எடுக்கலாமா என்பதற்குத்தான் 2025இல் இங்கே மக்கள் வீதிக்கு வந்தார்கள். எடுத்தபின் மிகுதி மணலைத் திரும்பக் கொட்டிவிடுவோம் என்று சொல்லப்படுவதைக் கேட்டிருக்கிறேன். கொட்டிய மணலும் காற்றும் வேரும் வருடக்கணக்கில் அடுக்கிய மணலும் ஒன்றா? அடுக்கு வேறு, இடைவெளி வேறு, பிடித்து நிற்கும் கொடி இல்லை. என் போத்தலிலேயே தட்டி நிரப்பிய மணலும் சும்மா ஊற்றிய மணலும் ஒரே மட்டத்தில் நிற்கவில்லை.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. எங்கள் நன்னீர் மணலுக்குள் உப்புநீரின் மேல் மிதக்கிறது. நன்னீரின் அடர்த்தி 1000, கடல்நீரின் அடர்த்தி 1025 என்று எடுத்து அமுக்கத்தைச் சமன்படுத்துங்கள். கடல் மட்டத்துக்கு மேலே நன்னீர் ஒரு மீற்றர் நின்றால், கீழே 40 மீற்றர் வரை நன்னீர் இருக்கலாம் என்று வரும். மேலே 10 சென்ரிமீற்றர் குறைந்தால் கீழே 4 மீற்றர் போய்விடும். மழையை வாங்கித் தேக்கி வைப்பவை அந்த மணல்மேடுகள்தான். கணினி மாதிரி ஒன்றைக் காட்டி ஒன்றும் ஆகாது என்று யாராவது சொன்னால், ரீச்சர் என்னிடம் கேட்டதையே நானும் அவர்களிடம் கேட்பேன். அந்த எண் எங்கிருந்து வந்தது? அதில் கொடி இருக்கிறதா? கிணறு இருக்கிறதா?

இப்போது எண்ணை ஊகிக்காமல் அளக்கத் தொடங்கியிருக்கிறேன். கிணற்றுக்குத் தெற்கே வெறும் மணலில் மூன்று கம்புகள், வாப்பாவும் நானும் சேர்ந்து நட்ட அடம்பன் கொடிப் பாத்தியில் மூன்று கம்புகள். ஒவ்வொன்றிலும் சென்ரிமீற்றர் கோடு போட்டு, வெள்ளிக்கிழமைகளில் வாசித்துக் கொப்பியில் எழுதுகிறேன். ஒரு தடவை கம்பொன்றைக் கழுதை சாய்த்துவிட்டது, அந்தக் கிழமைக்குக் கோடு போட்டுவிட்டேன். சோளகம் தொடங்கி ஆறு கிழமைகளாகிறது. வெறும் மணலில் உள்ள மூன்றில் இரண்டு அரிக்கப்பட்டு அடி தெரிகிறது. கொடிக்குள் உள்ள மூன்றும் புதைந்திருக்கின்றன. நடுக் கம்பு 11 சென்ரிமீற்றர். கிணற்றுக் கட்டு இன்னும் ஓரடிதான் தெரிகிறது.